அம்மா இருட்டில் வைத்த கோதுமைத் தட்டு

கண்ணுகளா,

அம்மா நம்மை விட்டுப் போய் ஆண்டு ஒன்று நிறைகிறது. திதிக்கு வரும் உறவினர் கையில் ஒரு நினைவு மலர் கொடுக்க வேண்டும், அதில் அப்பா நாலு வார்த்தை எழுத வேண்டும் என்று நீங்கள் இருவரும் கேட்டீர்கள். நான் எட்டாவது வரை படித்தவன். நிட்டிங் மிஷின் சத்தத்துக்குள்ளேயே காலம் போய்விட்டது, எழுதிப் பழக்கம் இல்லை. நான் தாளில் எழுதித் தருவதைப் பெரியவள் டைப் செய்து அச்சகத்துக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாள். என் எழுத்து அவளுக்குத்தான் புரியும்.

அம்மாவின் பொறுமை, உழைப்பு, கைச் சமையல் எல்லாம் உறவுகளுக்குத் தெரிந்ததுதான். அதையும் எழுதுகிறேன். ஆனால் நம் வீட்டுப் பின் அறையில் ஒரு மழைக்காலத்தில் அம்மா வைத்திருந்த தட்டைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது. அது முடிந்துபோன கதை என்று நினைத்திருந்தேன். முடியவில்லை என்று போன வாரம்தான் தெரிந்தது.

உங்கள் அம்மா மங்கலத்தில் பிறந்தார். வீட்டை ஒட்டியே தறிக்கூடம். தறி ஓடும்போது குழந்தை நன்றாகத் தூங்குமாம், கரண்டு போய்த் தறி நின்றால் வீரிட்டு அழுமாம். அம்மாவுக்கு ஒரு தம்பி இருந்தார். சின்னவன் ஜாடையில் அப்படியே அவர்தான் என்று அம்மா அடிக்கடி சொல்வார். சொல்லிவிட்டு உடனே வேறு பேச்சுக்குப் போய்விடுவார்.

அந்தத் தம்பியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அவர்கள் ஊரில் மாரியம்மன் நோம்பிக்கு வீட்டுக்கு வீடு முளைப்பாரி போடுவார்கள். தானியத்தை ஊற வைத்துச் சட்டியில் விதைத்து, சன்னல் இல்லாத அறையில் வைத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள். தண்ணீர் தெளிக்கிறவரைத் தவிர யாரும் பார்க்கக் கூடாது. வெளிச்சம் படாததால் பயிர் பச்சையாக வராது, எலுமிச்சை நிறத்தில் நெடுநெடுவென்று வரும். அப்படி வந்தால் வீட்டுக்கு நல்லது. ஒரு வருடம் அம்மாவைப் பெற்ற உங்கள் அம்மாயி வைத்த சட்டியில் ஓர் ஓரமாகக் கருப்புப் பூத்துவிட்டது. ஈரம் அதிகம், அதனால் பூஞ்சை பிடித்துவிட்டது என்று அம்மாவின் அப்பா, உங்கள் அப்புச்சி, சமாதானம் சொன்னாராம். அந்த வருடம் மழை ஓய்வதற்குள் தறிக்கூடத்தில் ஈரச் சுவரில் கை வைத்த தம்பி கரண்டு அடித்துப் போய்விட்டார். அம்மா அப்போது தாவணி போட்ட பெண். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் முளைப்பாரி போடவில்லை.

சென்னிமலை முருகன் சன்னதியில் எங்கள் கல்யாணம் நடந்தது. தனிக்குடித்தனம் திருப்பூரில். நீங்கள் இருவரும் பிறந்த பிறகு நான் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். அம்மாதான் முதலில் எழுந்தார். "நீங்க ஊட்டப் பாத்துக்கங்க, நான் செக்கிங்குக்குப் போறனுங்க" என்று ஒரு பனியன் கம்பெனியில் சேர்ந்தார். காலை முதல் சாயங்காலம் வரை டியூப்லைட்டுக்குக் கீழே நின்றுகொண்டே பார்க்கிற வேலை. தைத்த பனியனைத் தூக்கிப் பிடித்து, ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் பார்த்து, தொங்குகிற நூலைக் கட்டரால் நறுக்கித் தள்ள வேண்டும். எனக்கு மறுபடி வேலை கிடைத்த பிறகும் அம்மா அதை விடவில்லை. ஹாஸ்டலில் தங்கியிருந்த தெற்கத்திப் பெண்கள் நோம்பி நாளில் ஊருக்குப் போக முடியாமல் இருந்தால், நம் வீட்டுக்கு அழைத்து வந்து இலை போடுவார். உங்கள் துணிகளை மாட்டிவிடும்போதுகூட அவர் கண் தானாகத் தையலில் போய்வரும்.

அந்தக் கண்ணுக்குத் தன் உடம்பில் இருந்த குறையும் தப்பவில்லை. பெரியவள் கல்லூரி முடித்த வருடம், நவராத்திரிக்குச் சற்று முன்பு, அரிசி களைந்துகொண்டே சொன்னார்.

"ஏனுங்க, என்ர மேல ஒரு டேமேஜ் தட்டுப்படுதுங்க."

விளையாட்டு என்று நினைத்து நான் சிரித்தேன். மார்புப் பக்கம் கையால் காட்டினார். சிரிப்பு நின்றுவிட்டது.

கோயமுத்தூரில் காட்டினோம். சோதனைகள் முடிந்ததும் அந்த டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். "சின்னதா இருக்கும்போதே வந்துட்டீங்க. அது உங்க கெட்டிக்காரத்தனம். ஆனா ஆபரேஷனைத் தள்ளிப் போடாதீங்க." ஐப்பசியில் ஒரு தேதி குறித்துத் தந்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா சன்னல் பக்கம் உட்கார்ந்தார். அவிநாசி தாண்டியதும், "தீபாவளி போகட்டுமுங்களா?" என்றார். தேதி தீபாவளிக்கு முன்னால் இருந்தது.

செய்தி கேட்டு முதலில் வந்தவர் உங்கள் அத்தை, அம்மா 'நங்கை' என்று கூப்பிடுகிற அண்ணன் மனைவி. அனுப்பர்பாளையத்தில் பாத்திரக் கடை வைத்திருப்பவர் வெறுங்கையோடு வருவாரா? அகலமான எவர்சில்வர் தட்டுகளை அடுக்கித் தூக்கி வந்தார். கூடவே ஒரு பை கோதுமை.

"இதபாரு, ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள ஒடம்புல ரத்தம் ஊறோணும். கோதுமைப் புல்லுச் சாறு குடி. எங்க கடைக்குப் பக்கத்துல ஒருத்தரு இதக் குடிச்சே எல்லாஞ் சரியாப் போச்சுங்கறாங்க."

"சரியாப் போனவரக் கூட்டிட்டு வாங்க நங்கை, ஒரு வார்த்த கேட்டுக்கறேன்."

"அவரு இப்ப இல்ல."

"இல்லைன்னா?"

"ஊர்ல இல்லைங்கறேன்டீ! மகன் ஊட்டுக்குப் போயிருக்கறாரு."

அந்த வாரத்தில் அம்மா வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான். டாக்டரம்மாவிடம் போனில் கேட்டேன். இப்போதைக்குக் கொஞ்சம் குடித்தால் கெடுதல் இல்லை, ஆனால் இது மருந்து கிடையாது, இதை நம்பித் தேதியை மாற்றினால் நான் பொறுப்பில்லை என்றார். அத்தையிடம் முதல் பாதியை மட்டும் சொன்னேன். அம்மாவிடம் முழுவதும் சொன்னேன்.

அந்தச் சாறு செய்யும் விதத்தையும் எழுதி வைக்கிறேன். ரேஷன் கோதுமையில் முயன்று பார்க்காதீர்கள். நாங்கள் ஊற வைத்ததில் பாதி முளைக்கவே இல்லை, புளித்த வாடைதான் வந்தது. நல்ல கோதுமையை ஒரு ராத்திரி ஊற வைத்து, வடித்து, பனியன் துணித் துண்டில் முடிந்து வைத்தால் வெள்ளை முளை எட்டிப் பார்க்கும். தட்டில் தென்னை நார்த்தூளை மெலிதாகப் பரப்பி அதன்மேல் நெருக்கமாகத் தூவ வேண்டும். தெளிக்கும் தண்ணீர் குழாயில் வரும் நல்ல தண்ணீராக இருக்க வேண்டும். நம் போர்வெல் உப்புத் தண்ணீரைத் தெளித்த தட்டில் நுனியெல்லாம் தீய்ந்துபோயிற்று. முளை நிமிரும் வரைக்கும்தான் மூடி வைக்க வேண்டும். பிறகு மொட்டை மாடியில் வெயில் நேராக அடிக்காத இடத்தில் வைத்தால் பச்சை ஏறும். சாண் உயரம் வந்ததும் வேருக்கு மேலே நறுக்கி, கழுவி, கொஞ்சம் தண்ணீர் விட்டு மிக்ஸியில் அடித்து, துணியில் பிழிந்து உடனே குடித்துவிட வேண்டும். அம்மா கம்பெனிக் கட்டரைத்தான் புல்லுக்கும் வைத்துக்கொண்டார். நூல் நறுக்குகிற அதே வேகம். பிழிந்த துணியில் பச்சைக் கறை எத்தனை அலசினாலும் போகாது.

முதல் டம்ளரைக் குடித்துவிட்டு அம்மா முகத்தைச் சுளித்தார். "இன்னும் ஒரு வாரம் குடிச்சா 'ம்மா'ன்னு கத்திருவேன் நங்கை."

"கத்து. கறந்து காப்பி போட்டுக்கறேன்" என்றார் அத்தை.

இதெல்லாம் மாடியில் இருந்த தட்டுகள். நான் சொல்ல வந்த தட்டு வேறு.

நம் வீட்டுக்குப் பின்னால் இரண்டு அறைகள் வாடகைக்கு விட்டிருந்தோம் அல்லவா, அதில் ஒன்றில் பீகாரிலிருந்து வந்த சுனிதாவும் அவள் புருஷனும் இருந்தார்கள். அவனுக்குச் சாயம் போடும் டையிங்கில் வேலை. அவள் தைப்பாள். நவராத்திரிக்கு அவள் தன் அறை மூலையில் சாமி படத்துக்கு முன்னால் ஒரு மண் சட்டியில் எதையோ விதைத்துத் துணியால் மூடி வைத்திருந்தாள். துணி எடுக்கப் போன அம்மா அதைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டார். நான் மோட்டார் போட்டுவிட்டு அங்கேதான் நின்றிருந்தேன்.

"இதென்ன சுனிதா, கோதும போட்டிருக்கற?"

"கோதும இல்ல அக்கா. அதோட தம்பி, பார்லி. எங்க ஊர்ல நவராத்திரிக்குப் போடுவோம். தசமி அன்னிக்குப் புடுங்கித் தலைல வெப்போம்."

"வெளிச்சம் படக் கூடாதா?"

"படக் கூடாது. மஞ்சளா வந்தா வீட்டுக்கு ரொம்ப நல்லது அக்கா."

"எங்கூர்லயும் அப்படித்தான்" என்றார் அம்மா. குரல் ஒரு மாதிரி இருந்தது. சுனிதாவுக்குத் தன் ஊர்க்காரி ஒருத்தி கிடைத்ததுபோல முகமெல்லாம் சிரிப்பு. அம்மா சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் கட்டிங் வேஸ்ட் துணி மூட்டையை வைக்க, வீட்டுக்குள் சாமான் போடுகிற பின் அறைப் பக்கம் போனேன். அம்மா ஓடி வந்து குறுக்கே நின்றார்.

"அங்க போகாதீங்க."

"ஏம்புள்ள, எலி மருந்து வெச்சிருக்கறயா?"

"போகாதீங்கன்னாப் போகாதீங்க. தட்டு இருக்குது."

"தட்டு மாடியிலதான இருக்கோணும்? இங்க வெச்சா எப்படிப் பச்சையாகும்?"

"குடிக்கறதுக்கு மாடித் தட்டுங்க. இது கேக்கறதுக்கு."

எனக்குப் புரிந்துவிட்டது. நம் பக்கத்தில் கிணறு வெட்டுவதானாலும் பெண் எடுப்பதானாலும் கோயிலில் பூ வைத்து வாக்குக் கேட்பார்கள். அம்மா கோயிலுக்குப் போகவில்லை. அத்தை கொண்டுவந்த தட்டில் ஒன்றை எடுத்து, சன்னல் இல்லாத அந்த அறையில் கோதுமையை முளைப்பாரியாகப் போட்டு, ஆபரேஷனுக்குப் போகலாமா வேண்டாமா என்று அதனிடம் கேட்டுக்கொண்டிருந்தார். தம்பி போன வருடத்துக்குப் பிறகு அவர் போட்ட முதல் முளைப்பாரி அது.

"மஞ்சளா வந்துச்சுன்னா வர்றனுங்க. நீங்க சொன்ன தேதிக்கே வர்றேன்."

"வராட்டி?"

அம்மா கதவைச் சாத்திக் கொண்டி போட்டார்.

அந்த நாட்களை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. மழை விடவே இல்லை. துணி காயவில்லை, சுவர் வேர்த்தது. மாடித் தட்டுகளில் புல் பச்சைப் பசேலென்று வந்துகொண்டிருந்தது. காலையில் நறுக்குவதும் அடிப்பதும் பிழிவதும் நடந்தன. எனக்கு அந்தப் பச்சையைப் பார்க்கவே பிடிக்கவில்லை. வீட்டுக்குள் எங்கே போனாலும் சாத்திய அந்தக் கதவு கண்ணில் பட்டது. அம்மா காலையில் உள்ளே போவார், தண்ணீர் தெளிப்பார், வெளியே வருவார். நான் முகத்தைப் பார்ப்பேன். நீங்களும் பார்த்தீர்கள், ஏன் பார்க்கிறோம் என்று தெரியாமலே. பெரியவள் ஒரு நாள் கேட்டாள், "ஏனுங்கப்பா, அந்த ரூம்ல இருந்து என்னமோ ஊசின வாடை வருதே?" எனக்கும் வந்தது. சொல்லப் பயமாக இருந்ததால் சாக்கடை அடைத்திருக்கும் என்றேன்.

அன்று மத்தியானமே அம்மா தட்டை வெளியே எடுத்து வந்தார். வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில் துவைக்கிற கல்மேல் வைத்தார். மழை கொஞ்சம் விட்டிருந்தது. புல் மஞ்சளாகத்தான் வந்திருந்தது, நல்ல உயரம். ஆனால் ஓர் ஓரத்தில் அடி வரைக்கும் கருப்பு. அடுப்புக் கரியை எடுத்துத் தேய்த்த மாதிரி.

"ஈரம் புள்ள. தட்டுல தண்ணி வடிய ஓட்டை இல்ல, காத்தும் இல்ல. பூஞ்சைதான், வேறொண்ணும் இல்ல."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "அந்த வருசமும் எங்கப்பா இதத்தான் சொன்னாருங்க."

தட்டை ஓரமாக எடுத்து வைக்கக் குனிந்தேன். அம்மா என் கையைத் தள்ளிவிட்டார்.

"ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு வேண்டாம்னு சொல்லிருங்க. மேசை மேல படுத்து எந்திரிக்காமப் போறதுக்கு இங்கயே இருக்கற வரைக்கும் இருந்துக்கறேன். சின்னவனுக்கு நாலு நாள் சோறாவது போடலாம்."

கெஞ்சினேன். கோபமாகவும் பேசினேன். அவர் அசையவில்லை. அப்போதுதான் காய்ந்தும் காயாத துணியை எடுக்க சுனிதா வந்தாள். கல்மேல் இருந்த தட்டைப் பார்த்தாள். பார்த்த உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டு கொடிக் கயிற்றில் கிளிப்பைக் கழற்ற ஆரம்பித்தாள்.

"சுனிதா, இங்க வா. மஞ்சளா வந்தா நல்லதுன்னு சொன்ன. இப்படிக் கருப்பா வந்தா உங்கூர்ல என்ன சொல்லுவாங்க?"

அவளுக்கு விஷயம் தெரியும். அவள் அறைக்கும் எங்கள் சமையலறைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். ஆபரேஷன், தேதி, டாக்டர் என்று நாங்கள் பேசினதெல்லாம் காதில் விழுந்திருக்கும். கையில் இருந்த சட்டையை மடித்தாள். மறுபடி பிரித்து மடித்தாள்.

"அதுவா அக்கா... அது நல்லதுதான்."

"கருப்பா?"

"ஆமா. வீட்டுக்கு வர்ற கெட்டத சட்டி வாங்கிக்கும். சட்டிக்கு வந்துச்சுன்னா ஆளுக்கு வராது. எங்க மாமியார் சொல்லுவாங்க. கருப்பு வந்த சட்டிய ஓடற தண்ணில உடணும், திரும்பிப் பாக்காம வந்துரணும். அவ்வளவுதான். நீ ஆஸ்பத்திரிக்குப் போ அக்கா."

அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். மழை மறுபடி தூற ஆரம்பித்துத் தட்டில் விழுந்து 'டிக் டிக்'கென்று கேட்டது. அப்புறம் கையைக் கழுவினார்.

"பையெடுத்து வைங்க. நாளைக்கே போயிரலாம்."

அந்தத் தட்டிலிருந்ததை வாய்க்காலில் விட்டுவிட்டு நான்தான் திரும்பிப் பார்க்காமல் வந்தேன். மறுநாள் விடிந்ததும் கிளம்பினோம். கதவைத் திறந்தபோது வாசலெல்லாம் மிளகாய்க் கமறல். கண்ணெரிந்தது, இருமல் வந்தது. யாரோ மிளகாய் தாளிக்கிறார்கள் என்று நினைத்தேன். சுனிதா வாசற்படிக்குப் பக்கத்தில் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு நின்றாள். "போயிட்டு வா அக்கா" என்றாள்.

ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. அதன் பிறகு மருந்து ஏற்றிய காலம் கடினமான காலம். முடி கொட்டியது, வாயெல்லாம் புண். அந்தச் சமயத்தில் பச்சையாக எதுவும் கொடுக்கக் கூடாது, புல்லுச் சாறும் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அத்தைக்கு அதில் வருத்தம்தான். ஆனால் அதே அத்தை தினமும் கஞ்சி காய்ச்சித் தூக்கில் கொண்டுவந்தார் என்பதை இந்த வீடு மறக்காது. அம்மா தேறி எழுந்த பிறகு, டாக்டரிடம் கேட்டுக்கொண்டு சாறு மறுபடி வந்தது. அப்போது நறுக்கிப் பிழிகிற வேலை என்னுடையது. மருந்தென்று யாரும் நினைக்கவில்லை. காலையில் நானும் அவரும் மாடியில் நின்று ஆளுக்குப் பாதி குடிப்போம். அவ்வளவுதான்.

அந்த வருடங்களில்தான் பெரியவளுக்குக் கல்யாணம் செய்தோம். சின்னவன் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலைக்குச் சேர்ந்து முதல் நாள் ஷூ போட்டுப் போனதை அம்மா தெருமுனை வரைக்கும் நின்று பார்த்தார். பேரன் பிறந்தான். அவனுக்குப் போட்ட ஒவ்வொரு சட்டையையும் உள்பக்கம் திருப்பிப் பார்த்து, உறுத்துகிற நூலை நறுக்கிவிட்டுத்தான் மாட்டினார்.

பிறகு அது திரும்ப வந்தது. இந்த முறை முதுகு வலியாக வந்தது. கடைசி மாதங்களை நீங்களே அருகிலிருந்து பார்த்தீர்கள், விவரித்து எழுத எனக்குத் தைரியமில்லை. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும், அப்போது நீங்கள் அறையில் இல்லை. சாய்ந்து படுத்திருந்த அம்மா திடீரென்று கேட்டார்.

"அன்னிக்கு சுனிதா சொன்னத நீங்க நம்புனீங்களா?"

"நம்புனேன். ஏன்?"

"அவ பொய் சொன்னாளுங்க."

நான் திகைத்துப் போனேன். அம்மாவுக்கு மூச்சு வாங்கியது, நிறுத்தி நிறுத்திப் பேசினார். "கெளம்பறப்ப வாசல்ல மொளகா சுத்தி நெருப்புல போட்டிருந்தாளே, கமறுச்சே, நெனவில்லையா? நல்லதுன்னு சொன்னவ எதுக்குக் கழிப்புக் கழிக்கறா? எனக்கு அப்பவே தெரிஞ்சு போச்சு. அதுக்கு முந்தின நாளே தெரியும். சட்டைய ரெண்டு தரம் மடிச்சா பாருங்க, அப்பவே."

"தெரிஞ்சுமா வந்த?"

"பயத்துல காலு நகரலீங்க. போலாம்னு எனக்கு நானே சொல்லிக்க முடியல. நீங்க சொன்னா, புருசன் சொல்லத்தான செய்வாருன்னு இருந்துச்சு. டாக்டரு சொன்னா, அது அவங்க தொழிலு. யாரோ ஒருத்தி, கருப்பப் பாத்துட்டு அவளுக்கும் பயந்தான், பயந்துகிட்டே 'போ'ன்னு சொன்னா. அது போதும்னு இருந்துச்சுங்க."

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் சுனிதாவைக் கேட்டேன். முதலில் அழுதாள். பிறகு சொன்னாள். "எங்க ஊர்ல கருப்பு வந்தா அந்த வீட்ல ஒருத்தர் போவாங்கன்னுதான் சொல்லுவாங்க. எனக்கு அக்கா போகக் கூடாதுன்னு இருந்துச்சு. தப்பா?"

தப்பில்லை என்றேன். தட்டு சொன்னதுதானே கடைசியில் நடந்தது என்று சொல்கிறவர்கள் இருப்பார்கள். நானும் யோசித்துப் பார்த்தேன். தட்டு சொன்னபடி அன்றைக்கே கேட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தால், பேரனுடைய சட்டையைத் திருப்பிப் பார்த்திருக்க ஆள் இல்லை. எனக்கு அதற்கு மேல் யோசிக்கத் தெரியவில்லை.

இனி, போன வாரத்துக்கு வருகிறேன்.

அம்மாவுக்குத் திரும்ப வந்தபோதே டாக்டரம்மா என்னிடம் சொன்னார், உங்கள் பெண்ணும் ஒருமுறை வந்து பார்த்துக்கொள்ளட்டும் என்று. பெரியவளிடம் சொன்னேன். "போறனுங்கப்பா, பையனுக்குப் பரீட்சை முடியட்டும்" என்றாள். எல்.கே.ஜி. படிக்கிற பிள்ளைக்கு என்ன பரீட்சை? பிறகு மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்றாள். பிறகு திதி முடியட்டும் என்றாள். போன வாரம் மலர் வேலையாக வந்து தங்கியிருக்கிறாள். வந்த மறுநாள் காலையில் பார்த்தேன், அத்தை கொடுத்த தட்டுகளில் ஒன்றைக் கழுவிக் கவிழ்த்திருந்தாள்.

"என்ன கண்ணு, தட்டு?"

"சும்மா ஜூஸுக்குங்கப்பா. கோதும போட்டிருக்கறேன்."

மாடிக்குப் போய்ப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. கீழே வந்தேன். பின் அறைக் கதவு சாத்தியிருந்தது, கொண்டி போட்டிருந்தது.

சாற்றுக்கு வளர்க்கிற புல்லை யாரும் இருட்டில் சாத்தி வைப்பதில்லை. எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவரே உங்கள் அம்மாதான். பெரியவளுக்குக் கதவுக்கு உள்ளே என்ன இருந்தது என்று அன்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ஊசின வாடையை முதலில் பிடித்தது அவள் மூக்கு. பார்த்துப் பார்த்து எல்லாவற்றையும் புரிந்து வைத்திருக்கிறாள். அப்படியென்றால் அவள் கைக்கும் ஏதோ தட்டுப்பட்டிருக்கிறது. இல்லாவிட்டால் எதற்குத் தட்டிடம் கேட்க வேண்டும்?

நான் அந்தக் கதவைத் திறக்கவில்லை. இப்போதும் மழைக்காலம்தான். இதை எழுதும்போதே கதவுக்கு அடியிலிருந்து ஈர வாடை வருகிறது.

கண்ணு, இந்த இடத்தை டைப் செய்யும்போது உன் கை நிற்கும் என்று எனக்குத் தெரியும். தட்டு மஞ்சளாக இருந்தாலும் போக வேண்டும். கருப்பாக இருந்தாலும் போக வேண்டும். திதிக்கு மறுநாள் காலையில் கோயமுத்தூருக்கு வண்டி சொல்லியிருக்கிறேன், டாக்டரம்மாவிடமும் சொல்லிவிட்டேன். உன் தம்பிக்கு இன்னும் தெரியாது. இதையெல்லாம் ஊரறிய எழுத வேண்டுமா என்று உனக்குத் தோன்றினால், போன வாரத்தைப் பற்றிய பேச்சு முழுவதையும், மலரின் தொடக்கத்தில் உள்ள வரியையும் எடுத்துவிடு. நான் கோபப்பட மாட்டேன். முடிவு உன்னுடையது.

இனி நன்றி சொல்லும் வேலை. கஞ்சித் தூக்கோடு மழையில் நனைந்து வந்த அத்தைக்கும், ஆஸ்பத்திரி வாசலில் என்னோடு உட்கார்ந்திருந்த மாமாவுக்கும், கடைசி வரை அம்மாவை 'என்னங்க பெரியம்மா' என்று கேட்டுக் கேட்டுச் செய்த நர்ஸ் பெண்களுக்கும், செக்கிங் மேசையில் அம்மாவின் இடத்தை இன்னும் காலியாக வைத்திருக்கும் கம்பெனிப் பெண்களுக்கும், பசி நேரத்துக்கு இலை போட்ட அக்கம்பக்கத்தாருக்கும் இந்தக் குடும்பம் கை கூப்புகிறது. சுனிதாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. சின்னவன் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து இதை முழுவதும் படித்துக் காட்ட வேண்டும்.

உறவுகளே, உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். காரிய வீட்டிலிருந்து கிளம்பும்போது போய்வருகிறேன் என்று யாரும் சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. வழக்கம் எனக்கும் தெரியும். இந்தப் பக்கம் உங்கள் கையில் உள்ள மலரில் இருக்கிறது என்றால், என் மகள் அதை எடுக்கவில்லை. இலையை மடித்து எழுந்ததும் அவளிடம் என்ன ஏது என்று கேட்காதீர்கள். தலையில் கை வைத்து, "போயிட்டு வா கண்ணு" என்று சொல்லிவிட்டுப் போங்கள். பயமாக இருந்தால் பயத்தோடேயே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அப்பா